பால் குடிச்ச பசங்க, குடிக்காத பசங்க: ரெண்டு சராசரிகளை ஒப்பிடுவது எப்படி?

போன எபிசோட்ல திட்ட விலக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகளில் ஒன்று ரொம்ப நேரடியானது. "எங்க டீம்ல பழைய வெர்ஷன், புது வெர்ஷன் ரெண்டுக்கும் லோட் டைம் எடுத்து வெச்சிருக்கோம். புதுசோட சராசரி கம்மியா இருக்கு. ஒரு டி-டெஸ்ட் போட்டா போதுமா ப்ரோ?"

ஒரு வரியில் பதில் சொல்லிடலாம்: டெஸ்ட் போடுறது அஞ்சு நிமிஷ வேலை, அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விதான் பெருசு. அந்தக் கேள்வி என்னன்னு இன்னிக்குப் பார்க்கலாம். பத்து நோயாளிகளின் தூக்கமும், இருபதாயிரம் பள்ளிப் பிள்ளைகளின் பாலும் இதில் வரும். கடைசியில் நம்ம ஆபீஸுக்கும் வருவோம்.

முதலில் அடிப்படை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு சொல்றோம் இல்லையா? மாதிரி எடுத்துப் பார்ப்பதைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒரு பாடப்புத்தகமும் சொன்னதில்லை. ஆனா அது ஏன் பலிக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. கொதிக்கிற தண்ணியில அரிசி எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு வெந்திருக்கும். சிதறல் கம்மி. அதனால ஒண்ணை நசுக்கிப் பார்த்தா போதும். அடுப்பு ஒரு பக்கம் மட்டும் எரிஞ்சு, பாதி குழைஞ்சு, பாதி அரிசியாவே கிடந்தா? ஒரு சோறு எதையும் சொல்லாது. நாலஞ்சு இடத்துல கரண்டி விட்டு எடுத்துப் பார்க்கணும். சிதறல் எவ்வளவோ, அதுக்கேத்த எண்ணிக்கை வேணும்.

இப்போ ரெண்டு பானை இருக்கு. எது அதிகம் வெந்திருக்குன்னு சொல்லணும். ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிறோம், ரெண்டுக்கும் ஒரு சராசரி கிடைக்குது. ரெண்டும் கிட்டத்தட்ட எப்பவுமே வேற வேறயாதான் இருக்கும். ஒரே பானையிலிருந்து ரெண்டு தடவை எடுத்திருந்தாலும் வேறயாதான் இருந்திருக்கும். அதனால "எது பெருசு?" என்பது கேள்வியே இல்லை. இந்த இடைவெளி, தற்செயலாக வரக்கூடிய ஆட்டத்தைவிடப் பெருசா? அதுதான் கேள்வி. டி-டெஸ்ட்டில் மேலே இருப்பது இடைவெளி, கீழே இருப்பது ஆட்டம். ஒன்றை மற்றொன்றால் வகுக்கிறோம். அவ்வளவுதான் ஃபார்முலா.

கீழே இருக்கிற அந்த ஆட்டத்தில் ஒரு விஷயம் காலேஜ்ல எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்தது. சராசரிகளைக் கழிக்கிறோம், ஆனா அவற்றின் சிதறல்களை மட்டும் கூட்டுகிறோம். ஏன்? கடலில் ரெண்டு படகு நிற்குதுன்னு வெச்சுக்கங்க. கரையில நின்னு ஒரு படகோட தூரத்தை அளந்தா, அந்தப் படகோட ஆட்டம் மட்டும்தான் அளவில் வரும். ஒரு படகுல உட்கார்ந்துக்கிட்டு இன்னொரு படகோட தூரத்தை அளந்தா? ரெண்டு ஆட்டமும் சேர்ந்து வரும். கழித்தல் நம்ம கணக்குல இருக்கு, அலைக்கு அது தெரியாது.

ஆனா ரெண்டு படகையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டா கதை மாறிடும். ரெண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். நடுவில் உள்ள தூரம் பெரிசா மாறாது. ஆட்டத்தைக் கூட்டுற ஃபார்முலாவை இங்கே போட்டால், இல்லாத ஆட்டத்தை இருக்குன்னு சொல்லிடும். கட்டாத படகுகளுக்குத்தான் "சாராத மாதிரிகள்"னு பாடப்புத்தகத்துல பேரு. இண்டிபெண்டன்ட் சாம்பிள்ஸ். படகு கட்டியிருக்கா இல்லையான்னு ஃபார்முலாவால் பார்க்க முடியாது. நீங்கதான் எட்டிப் பார்க்கணும்.

இதற்கு உலகப் புகழ் பெற்ற ஒரு டேட்டா இருக்கு. அதுக்குப் போறதுக்கு முன்னாடி, அதைப் புகழ்பெற வைத்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும்.

நமக்குக் கின்னஸ்னா உலக சாதனைப் புத்தகம். அந்தப் புத்தகமே டப்ளினில் இருந்த பீர் கம்பெனியிலிருந்து வந்ததுதான். 1899-ல் அந்த ஆலையில் வில்லியம் சீலி கோசெட் என்ற 23 வயது இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தவர். பார்லி, ஹாப்ஸ், மால்ட் என்று எதை எடுத்தாலும் அவர் கையில் இருந்தது நாலு அளவு, ஆறு அளவு, பத்து அளவுதான். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு விளைச்சல் பருவம் காத்திருக்கணும், காசு செலவாகும். அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கான அளவுகளை வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தது. லண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வகத்துக்கு 1906-ல் போய் ஓராண்டு போல இருந்து இந்தச் சின்ன எண்ணிக்கைப் பிரச்சினையில் உட்கார்ந்தார்.

பிரச்சினை இதுதான். நாலே நாலு அளவு எடுத்து அதிலிருந்து சிதறலைக் கணக்கிட்டால், அந்தச் சிதறலே நம்பகமா இருக்காது. நாலும் தற்செயலாகப் பக்கத்தில் பக்கத்தில் விழுந்துட்டா, "ஆகா, ஆட்டமே இல்லை"னு ஏமாந்துடுவோம். வகுக்கும் எண் சின்னதாகிடும், விடை வீங்கிடும். கோசெட் இதற்கு ஒரு வளைகோட்டைக் கண்டுபிடித்தார். நிறைய அளவுகள் இருந்தால், இடைவெளி ஆட்டத்தைப்போல 1.96 மடங்கு இருந்தாலே, தற்செயலாக அப்படி வருவது நூற்றில் ஐந்து முறைதான் என்று சொல்லலாம். ஒரே ஒரு குழுவில் நாலு அளவு மட்டும் இருந்தால் அதே உறுதிக்கு 3.18 மடங்கு தேவை. பத்து அளவு இருந்தால் 2.26. சின்ன மாதிரிக்குக் கட்டும் அபராதம்னு வெச்சுக்கங்க.

சாஃப்ட்வேர்காரனா எனக்கு இதில் ரொம்பப் பிடிச்ச இடம், அவர் அதைச் சரிபார்த்த விதம். 3,000 கைதிகளின் உயரமும் இடதுகை நடுவிரல் நீளமும் கொண்ட ஒரு அட்டவணை ஏற்கெனவே வெளியாகியிருந்தது. அந்த 3,000 பேரையும் தனித்தனி அட்டையில் எழுதி, கலைத்து, நாலு நாலாகப் பிரித்து 750 மாதிரிகள் செய்தார். ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்குப் போட்டு, தன் வளைகோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து சிமுலேஷன். நாம ஒரு ஃபார் லூப் எழுதி ரெண்டு செகண்ட்ல முடிக்கிறதை, சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுக் கலைச்சுப் போட்டிருக்கார் மனுஷன்.

1908-ல் பயோமெட்ரிகா இதழில் கட்டுரை வந்தது. ஆலை ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆராய்ச்சி வெளியிடக் கூடாது என்பது நிர்வாகத்தின் கட்டுப்பாடு. அதனால் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயர். ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்னா ஏதோ மாணவர்களுக்கான ஈஸி வெர்ஷன்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. இல்லைங்க, அது ஒரு பீர் ஆலை ஊழியரின் மாஸ்க். ரெண்டு குழுக்களை ஒப்பிட நாம இன்னிக்குப் போடுற வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ரொனால்ட் ஃபிஷர்.

இப்போ அந்த டேட்டா. 1908 கட்டுரையில் கோசெட் எடுத்துக்கொண்ட உதாரணம், கஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் 1905-ல் வெளியிட்ட தூக்க மருந்துச் சோதனை. அமெரிக்காவின் மிச்சிகனில், கலமாசூ மனநலக் காப்பகத்தில் நடந்தது. பத்து நோயாளிகள். மருந்து இல்லாத இரவுகளைவிட எவ்வளவு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பதுதான் அளவு. கோசெட்டின் அட்டவணையில் அவர்களுக்குப் பெயர் கிடையாது, 1-லிருந்து 10 வரை எண்கள். நூற்றாண்டு தாண்டியும் உலகம் முழுக்க மாணவர்கள் அவர்களுடைய தூக்கத்தை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் மருந்துக்குச் சராசரியாக 0.75 மணி நேரம் கூடுதல் தூக்கம். இரண்டாவது மருந்துக்கு 2.33. இடைவெளி 1.58 மணி நேரம், அதாவது சுமார் ஒன்றரை மணி நேரம். தூக்கம் வராமல் தவிப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

சிதறல் எவ்வளவு? முதல் மருந்தின் திட்ட விலக்கம் 1.79, இரண்டாவதுக்கு 2.00. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, பத்தால் வகுத்து, ரெண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 0.85. இடைவெளி 1.58-ஐ 0.85-ஆல் வகுத்தால் 1.86. பத்தும் பத்தும் இருபது அளவுக்குத் தாண்ட வேண்டிய எல்லை 2.10. தாண்டலை. பி-வேல்யூ சுமார் 0.08. ரெண்டு மருந்துக்கும் வித்தியாசமே இல்லைன்னாலும் இவ்வளவு பெரிய இடைவெளி நூற்றில் எட்டு முறை சும்மாவே வரும்னு அர்த்தம். வழக்கமான 0.05 கோட்டில் நிற்கிற ஆள், "நிரூபணமாகலை"னு ஃபைலை மூடிடுவார்.

ஆனா ஒரு நிமிஷம். இந்த இருபது எண்களும் இருபது பேருடையவை இல்லை. அதே பத்துப் பேர்தான் ரெண்டு மருந்தையும் எடுத்துக்கிட்டாங்க. படகுகள் கட்டப்பட்டிருக்கு. ஏழாம் எண் நோயாளிக்கு முதல் மருந்தில் 3.7, இரண்டாவதில் 5.5. எந்த மருந்து குடுத்தாலும் நல்லாத் தூங்குற ஆள். இரண்டாம் எண்ணுக்கு முதல் மருந்தில் மைனஸ் 1.6, அதாவது இருந்த தூக்கமும் போச்சு. இரண்டாவதில் 0.8. ஐந்தாம் எண்ணுக்கு ரெண்டிலுமே மைனஸ் 0.1, எதுவும் அசைக்கலை. ஆளுக்கு ஆள் இருக்கிற இந்த வித்தியாசத்தைத்தான் முதல் கணக்கில் "ஆட்டம்"னு சேர்த்துக்கிட்டோம். அது மருந்தோட ஆட்டமே இல்லை.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கழித்துப் பார்த்தால்: 1.2, 2.4, 1.3, 1.3, பூஜ்யம், 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. பத்தில் ஒன்றுகூட மைனஸ் இல்லை. சராசரி அதே 1.58-தான். ஆனா ஆட்டம் 0.85-லிருந்து 0.39 ஆகக் குறைஞ்சிடுச்சு. வகுத்தால் 4.06. பி-வேல்யூ 0.003-க்கும் கொஞ்சம் கீழே. ஆயிரத்தில் மூணு.

அதே இருபது எண்கள், அதே 1.58. ஒரு கணக்கு "தெரியலை"ன்னு சொல்லுது. இன்னொரு கணக்கு "சந்தேகமே வேண்டாம்"ங்கிற அளவுக்குப் போகுது. வித்தியாசம் எண்களில் இல்லை, அந்த எண்கள் எப்படி வந்தன என்ற தகவலில் இருக்கு. சிஎஸ்வி ஃபைல்ல அந்த தகவல் சில சமயம் ஒரு காலமாகக்கூட இருக்காது. ஃபிஷர் 1925-ல் எழுதிய புத்தகத்திலும் இதே விளையாட்டைக் காட்டினார். இவை வேறு வேறு நோயாளிகளிடம் எடுத்தவை என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, அதே 1.86-ஐ வரவழைத்துக் காட்டினார். ஆர் மொழியில் இந்த டேட்டா "ஸ்லீப்" என்ற பெயரில் கூடவே வருது. அதில் "குரூப்"னு ஒரு காலம் இருக்கும். அந்தப் பெயர் குழப்பலாம், இவங்க தனித்தனிக் குழு இல்லை, அதே பத்துப் பேர்தான்னு அதோட உதவிப் பக்கமே எச்சரிக்குது.

இது வரைக்கும் கேட்டா, "சரி, பத்துப் பேர்னாலதான் இந்தத் தொல்லை, நிறைய டேட்டா இருந்தா பிரச்சினை இல்லையே"ன்னு தோணும். நம்ம துறையில எல்லாரும் நம்புறது அதைத்தான். அதனால ஸ்காட்லாந்துக்குப் போவோம்.

1930. லானர்க்‌ஷயர் என்ற மாவட்டம். பள்ளியில் பால் கொடுத்தால் பிள்ளைகள் நன்றாக வளர்வார்களா என்று பார்க்க ஒரு பிரம்மாண்டமான சோதனை. 67 பள்ளிகள், 20,000 பிள்ளைகள். 10,000 பேருக்குத் தினமும் முக்கால் பைன்ட், கிட்டத்தட்ட 425 மில்லி பால். அதில் 5,000 பேருக்குக் காய்ச்சாத பால், 5,000 பேருக்குப் பாஸ்டரைஸ் செய்த பால். மீதி 10,000 பேருக்குப் பால் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். பிப்ரவரியில் எடையும் உயரமும் அளந்தார்கள், ஜூனில் மறுபடி அளந்தார்கள். பால் குடித்தவர்கள் அதிகம் வளர்ந்திருந்தார்கள். முடிவு வந்தாச்சு, கைதட்டலாம்னு தோணுது இல்லையா?

மறுவருஷம் பயோமெட்ரிகாவில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் "ஸ்டூடன்ட்". நம்ம கோசெட்தான். அவர் டி-டெஸ்ட் எதையும் தூக்கிக்கொண்டு வரலை. யாருக்குப் பால் குடுப்பதுன்னு முடிவு பண்ணது யார் என்றுதான் கேட்டார்.

பெரும்பாலும் குலுக்கல் முறையிலோ அகர வரிசையிலோதான் பிள்ளைகளைப் பிரித்திருந்தார்கள். ஆனால் அப்படிப் பிரித்ததில் ஒரு பக்கம் ஊட்டமான பிள்ளைகளோ மெலிந்த பிள்ளைகளோ அதிகமாகிவிட்டால், சிலரை மாற்றிச் சமப்படுத்திக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது. யோசிச்சுப் பாருங்க. எதிரே ஒல்லியா, கிழிஞ்ச சட்டையோட ஒரு பையன் நிக்கிறான். கையில் பால் லிஸ்ட் இருக்கு. எந்த டீச்சர் அவன் பேரை அடிப்பாங்க? நானா இருந்தாலும் அவனைத்தான் பால் பக்கம் தள்ளியிருப்பேன். அதுதான் நடந்திருக்குன்னு எண்களே காட்டுச்சு. சோதனை தொடங்கிய நாளிலேயே, பால் பெறாத குழு பால் பெறும் குழுவைவிட எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும், உயரத்தில் சுமார் நான்கு மாத வளர்ச்சியும் முன்னால் இருந்தது. சோதனையே நாலு மாசம்தான்!

அதுக்கு மேல உடை. பிள்ளைகளை உடையோடுதான் எடை போட்டார்கள். பிப்ரவரி அங்கே கடுங்குளிர், ஜூன் கோடை. வசதியான வீட்டுப் பிள்ளை பிப்ரவரியில் கனமான கம்பளி போட்டுக்கொண்டு எடைமேடையில் ஏறும், ஜூனில் மெல்லிய சட்டையோடு ஏறும். அந்தக் கம்பளியின் எடை அதன் "வளர்ச்சி"யிலிருந்து கழிந்துபோகும். ஏழைப் பிள்ளையிடம் கழற்றுவதற்குக் கனமான உடையே அவ்வளவு இல்லை. வசதியானவர்கள் பால் இல்லாத பக்கம் கூடுதலாக இருந்தால், பால் குடித்தவர்கள் உண்மையைவிட அதிகம் வளர்ந்த மாதிரி தெரியும். எனக்கு இந்தக் கட்டுரையிலேயே பிடிச்ச இடம் இதுதான். ஒரு புள்ளியியல்காரர் கம்பளிச் சட்டையைப் பத்திக் கவலைப்படுறார்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. காய்ச்சாத பாலா, பாஸ்டரைஸ் செய்த பாலா, எது நல்லதுன்னு ஒப்பிடுறதுதான் அடுத்த கேள்வி. ஆனா எந்த ஒரு பள்ளியிலும் ரெண்டு வகையும் கொடுக்கப்படலை. ஒரு பள்ளிக்கு ஒரு வகைதான். அப்போ 5,000-க்கு 5,000-ன்னு ஒப்பிடும்போது நாம பாலை ஒப்பிடுறோமா, பள்ளிகளையும் அந்தப் பகுதிகளின் வறுமையையும் ஒப்பிடுறோமா?

இருபதாயிரம் பேர்ங்கிறது இங்கே உதவவே இல்லை. உண்மையில் கெடுதல்தான் பண்ணுச்சுன்னு சொல்வேன். எண்ணிக்கை ஏறினால் ஆட்டம் குறையும், நாலு மடங்கு ஆள் சேர்த்தால் ஆட்டம் பாதியாகும். ஆனா சாய்வு குறையாது. யாரை எந்தப் பக்கம் போட்டோம்ங்கிறதுல இருக்கிற கோணல், ஆயிரம் பேரிலும் அதே அளவு, லட்சம் பேரிலும் அதே அளவு. ஆட்டம் சுருங்கச் சுருங்க, அந்தக் கோணல் ரொம்பத் துல்லியமா, ரொம்பத் தைரியமா வெளியே வரும். பி-வேல்யூல பூஜ்யத்துக்கு அப்புறம் எத்தனை பூஜ்யம் வேணும்னாலும் கிடைக்கும்.

கோசெட் சொன்ன மாற்று வழி என்ன தெரியுமா? ஒரே அச்சான இரட்டையர் ஜோடிகள் 50. ஒருவருக்கு ஒரு வகைப் பால், மற்றவருக்கு இன்னொரு வகை. யாருக்கு எது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்வது. இருபதாயிரம் பேர் சோதனையின் செலவில் மிகச் சிறு பங்குதான் ஆகும், நம்பகமும் அதிகம் என்றார். படகுகளை நாமே கட்டிடலாம், அப்போ நூறு பிள்ளைகள் போதும்.

அந்த டீச்சர்கள் மேல எனக்குக் கோபம் வரலை. குழப்பம் அவங்க இரக்கத்துல இல்லை, முடிவை அந்த இரக்கத்தின் கையில் விட்ட திட்டத்துல இருக்கு. பசியோட இருக்கிற பிள்ளைக்குப் பால் கொடுக்க டி-டெஸ்ட் தேவையும் இல்லை, கொடுத்துடலாம். ஆனா "எவ்வளவு பலன், எந்தப் பால், எந்த வயதுக்கு"ன்னு அரசு பணம் ஒதுக்கிற இடத்துக்கு வந்தா நேர்மையான ஒப்பீடு வேணும். 1934-ல் பிரிட்டன் பள்ளிகளில் மலிவு விலையில் பால் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எந்தப் பிள்ளைக்கு என்ன போய்ச் சேருதுங்கிறது இந்த மாதிரி எண்களோட தொடர்பு உள்ள விஷயம்.

சரி, நம்ம ஆபீஸ்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, புது பேமென்ட் பேஜ் ஒண்ணு வந்துச்சு. ஆப்-ஐ அப்டேட் செய்தவர்களுக்குப் புதுப் பேஜ், செய்யாதவர்களுக்குப் பழசு. ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டு குழுவோட சராசரி ஆர்டர் மதிப்பை எடுத்து, டி-டெஸ்ட் போட்டு, டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. பழைய பேஜைப் பராமரிச்ச மூணு பேரை வேற டீம்களுக்குப் பிரிச்சு அனுப்பினாங்க. அதுல ஒருத்தர் அடுத்த மாசமே பேப்பர் போட்டுட்டார். அப்புறம் எல்லாருக்கும் புதுப் பேஜ் போனதும் அந்த ஏற்றம் எங்கேயும் காணோம். லாக் எடுத்துப் பார்த்தா காரணம் அங்கேயே இருந்துச்சு. உடனே அப்டேட் பண்றவங்க யாரு? புது ஃபோன், நல்ல நெட், ஏற்கெனவே நிறைய வாங்குறவங்க. லானர்க்‌ஷயர்தான், திசை மட்டும் தலைகீழ். அங்கே மெலிந்தவர்கள் ஒரு பக்கம் போனாங்க, இங்கே வசதியானவர்கள் ஒரு பக்கம் போனாங்க.

கேள்வி கேட்ட நண்பருக்கு இப்போ பதில் சொல்லலாம். முதல் விஷயம், எந்த யூசருக்கு எந்த வெர்ஷன்னு யார் தீர்மானிச்சது? ராண்டம் நம்பர் ஜெனரேட்டர்னா நல்லது. யூசரே தேர்ந்தெடுத்தாரா, ஃபோன் மாடலா, ஊரா, நேரமா? அப்படின்னா டெஸ்ட்டை மூடி வெச்சுட்டு முதல்ல அதைச் சரி பண்ணுங்க. வெர்ஷன் மாறுவதற்கு முந்தின வாரத்து டேட்டாவிலேயே ரெண்டு குழுவையும் ஒப்பிட்டுப் பாருங்க. அப்பவே வித்தியாசம் இருந்தா, உங்ககிட்ட ஒரு லானர்க்‌ஷயர் இருக்கு.

அடுத்தது, ஒரு வரிங்கிறது ஒரு ஆளா, ஒரு ரிக்வெஸ்ட்டா? சும்மா ஒரு எண் வெச்சுக்குவோம். 20 பேர், ஆளுக்கு 50 தடவை பேஜைத் திறந்தா ஆயிரம் வரி வரும். அது ஆயிரம் சாராத அளவுகள் இல்லை. மெதுவான ஃபோன் வெச்சிருக்கிற ஒருத்தர் ஐம்பது தடவை வந்திருக்கார், அவ்வளவுதான். இங்கே படகுகள் ஒரே குழுவுக்குள்ளேயே கட்டியிருக்கு. இப்படி இருந்தா ஃபார்முலா ஆட்டத்தைக் குறைச்சுக் காட்டும், பச்சை லைட் சுலபமா எரியும். முதல்ல ஆளுக்கு ஒரு சராசரின்னு சுருக்கிட்டு, அப்புறம் 20 எண்களை ஒப்பிடுங்க. தூக்க மருந்துல நடந்தது இதுக்கு நேர் எதிர், அங்கே தொடர்பை மறந்ததால ஆட்டம் கூடுதலாத் தெரிஞ்சது. ரெண்டு பக்கமும் ஏமாறலாம்.

இன்னொண்ணு, டூல் விஷயம். ரெண்டு குழுவோட சிதறலும் ஒண்ணாதான் இருக்கும்னு பழைய டி-டெஸ்ட் எடுத்துக்குது. 95 சதவீதம் பேருக்குப் பழைய வெர்ஷன், 5 சதவீதம் பேருக்குப் புதுசு, அந்தப் புதுசுல சிதறல் வேற அதிகம்னா அது தப்பான இடத்துல அலாரம் அடிக்கும். சிதறல்கள் வேற வேறயா இருக்கலாம்னு ஏத்துக்கிற வடிவம் வெல்ச் என்பவருடையது, 1947-ல் வெளியானது. ஆர்-ல டி-டெஸ்ட் கூப்பிட்டா தானாவே வெல்ச்தான் ஓடும். பைத்தான்ல சைப்பையோட ரெண்டு மாதிரி டெஸ்ட்டைக் கூப்பிட்டா, சிதறல் சமம்னு எடுத்துக்கிட்டுப் பழசைத்தான் ஓட்டும். "ஈக்வல் வார்" என்ற இடத்துல ஃபால்ஸ்னு நீங்க சொல்லணும். எக்செல்ல கடைசி இடத்துல 3 போடணும். 1 போட்டா ஜோடி, 2 போட்டா சம சிதறல். ஒரே டேட்டாவை ஆர் காரரும் பைத்தான் காரரும் எடுத்துக்கிட்டு மீட்டிங்ல சண்டை போட்டா, பாதி நேரம் காரணம் இந்த டீஃபால்ட்தான். என்னைக் கேட்டா எப்பவும் வெல்ச்சே போடுங்க. சிதறல் சமமா இருந்தாலும் நஷ்டம் ரொம்பக் கம்மி. தூக்க டேட்டாவில் போட்டாலும் அதே 1.86-தான் வருது.

கடைசியா, பி-வேல்யூவை மட்டும் மேனேஜருக்கு அனுப்பாதீங்க. இடைவெளியை, அதன் வீச்சோடு சேர்த்து அனுப்புங்க. தூக்க மருந்தைத் தனித்தனி ஆட்களாக எடுத்துக்கிட்டா 95 சதவீத வீச்சு மைனஸ் 0.2 மணியிலிருந்து 3.4 மணி வரைக்கும். ஜோடியாக எடுத்தா 0.7-லிருந்து 2.5 வரைக்கும். "நிரூபணமாகலை"ன்னு சொன்ன அதே முதல் கணக்கு, மூணு மணி நேரம் கூடுதல் தூக்கம் கிடைக்கவும் வாய்ப்பிருக்குன்னு சொல்லுது பாருங்க. நிரூபணமாகலைங்கிறதும் வித்தியாசம் இல்லைங்கிறதும் ஒண்ணு இல்லை. மேனேஜர்களுக்கு இது ஒண்ணு மட்டும் புரிஞ்சாலே பல ஃபீச்சர்களும் சில வேலைகளும் பிழைச்சிருக்கும்.

ஆர் இருந்தா "ஸ்லீப்"னு டைப் பண்ணுங்க, இல்லைன்னா நான் சொன்ன எண்களை ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு ரெண்டு விதமாவும் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒன்பதாம் ஆள் ஒருத்தரை மட்டும் எடுத்துட்டுப் போட்டா என்ன ஆகுதுன்னும் பாருங்க, அவர்தான் அந்த 4.6. என்ன வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. ரெண்டு குழுவுக்குப் பதில் மூணு இருந்தா மூணு தடவை டி-டெஸ்ட் போடலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. போடக் கூடாது. ஏன்னு அடுத்த வாரம் பேசலாம்.